வாளின்றிக் காத்தல்: கிழக்கிலங்கை அனுபவமும் ஹில்ஃபுல் ஃபுளூலின் நினைவும்

கொல்லிமலையையும் போதமலையையும் அண்டிக் கிடக்கும் இராசிபுரம் சமவெளி போரை மறந்துபோன நிலம். மைசூர்ப் படைகளும் ஆங்கிலேயக் கும்பினிப் படைகளும் மாறி மாறிக் கடந்து சென்ற இப்பகுதி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே கும்பினியின் கைக்குப் போனது. அதன் பிறகு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இங்கே போர்ப்படை எதுவும் வயல்களை மிதித்ததில்லை. நெசவும் நெய்யும் மரவள்ளிக் கிழங்கும் பற்றிப் பேசும் ஊராகவே இது வளர்ந்தது.

ஆயினும் 1983க்குப் பின் போர் வேறொரு வழியாக இச்சமவெளிக்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்காகத் தமிழகம் எங்கும் முகாம்கள் அமைந்தபோது, சேலம், நாமக்கல் வட்டாரங்களிலும் அவை அமைந்தன. படைகளின் வெற்றி தோல்விகளை எழுதும் வரலாறு, இம்மக்களைப் போன்றோரை எண்ணிக்கையாக மட்டுமே குறிப்பிடுகிறது. அவர்கள் ஓடும்போது அவர்களைக் காத்தவர் யார்? கையில் ஆயுதமின்றி, ஆயுதம் தாங்கியவர்களுக்கும் மக்களுக்கும் நடுவே நின்றவர் யார்? இவ்வினாவுக்குக் கிழக்கிலங்கை தரும் விடை முஸ்லிம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

1930 ஏப்ரல்: ஒரு மாதம், இரு களங்கள்

ஆயுதமற்ற எதிர்ப்பின் வரலாறு இச்சமவெளிக்கு அந்நியமானதன்று. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1930 ஏப்ரல் 13 அன்று அவர் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கிய உப்பு நடைப்பயணம் தொடங்கியது. அப்பயணம் வழியிலேயே இருந்தபோது, ஏப்ரல் 23 அன்று, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமற்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கான் அப்துல் கஃபார் கான் 1929இல் தொடங்கிய குதாயி கித்மத்கார் இயக்கத்தினர் அங்கே திருப்பித் தாக்காமல் நின்றனர். சந்திரசிங் கார்வாலி தலைமையிலான கார்வால் படைப்பிரிவினர் அவர்கள்மீது சுட மறுத்தனர். துப்பாக்கியைத் தாழ்த்தச் செய்யும் ஆற்றல் வெறுங்கைக்கும் சில வேளைகளில் உண்டு என்பதற்கு அந்நாள் சான்றாகும்.

எதிர்ப்புக்குப் பயன்பட்ட இம்முறையைக் காப்புக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் காந்தியடிகளின் ‘சாந்தி சேனை’க் கருத்தில் உருப்பெற்றது. அதற்கு முறையான வடிவம் தருவதற்கு முன்பே 1948 ஜனவரி 30 அன்று அவர் கொல்லப்பட்டார். வினோபா பாவே 1957இல் கேரளத்தில் அச்சேனையைத் தொடங்கினார். அதில் முன்னின்று உழைத்த நாராயண் தேசாய், 1981இல் கனடாவில் பன்னாட்டு அமைதிப் படையணி உருவானபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தார். அந்த அமைப்பே 1989இல் இலங்கைக்குச் சென்று, அச்சுறுத்தலுக்கு உள்ளான வழக்கறிஞர்கள், தொழிற்சங்கத்தினர் முதலானோருக்குத் துணையாகச் செல்லும் பணியை 1998 வரை ஆற்றியது. வன்முறையற்ற அமைதிப் படை என்னும் மற்றோர் அமைப்பு 2002இல் டெல்லியை அடுத்த சூரஜ்குண்டில் நிறுவப்பட்டு, தன் முதற்களமாக 2003இல் இலங்கையையே தேர்ந்துகொண்டது.

வெளியார் வருமுன்

ஆனால் வெளியார் வந்த பிறகே காப்பு தொடங்கியது எனக் கருதுவது பிழையாகும். 1984இல் வடமராட்சியில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்துத் தாய்மார் ‘அன்னையர் முன்னணி’யாகத் திரண்டு, அரசாங்க அதிபரின் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். மட்டக்களப்பில் பிரஜைகள் குழு இயங்கியது. காணாமற் போனோரின் பெற்றோர் முதலில் சென்று முறையிட்ட இடம் அதுவே. படைமுகாம்களுக்குச் சென்று கைதானவர்களைப் பற்றி விசாரிப்பதும், பெயர், ஊர், கொண்டு செல்லப்பட்ட நாள் ஆகியவற்றைப் பதிவு செய்வதும் அதன் பணிகளாக இருந்தன. இதற்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. அக்குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990 ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் கிழக்கின் நிலை மேலும் கொடியதாயிற்று. ஊர்களை விட்டு ஓடிய பல்லாயிரம் மக்கள் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். விரிவுரையாளர் சிலர் அதை அகதி முகாமாக நடத்தினர். வாயில்களில் வெள்ளைக் கொடிகள் பறந்தன. உணவு பகிர்வு, நோயாளிகளைப் பராமரித்தல், படையினரிடம் பேசுதல் ஆகிய அனைத்தையும் அக்கல்வியாளர்களே மேற்கொண்டனர். 1990 செப்டம்பர் 5 அன்று படையினர் முகாமுக்குள் நுழைந்து 158 பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. வெள்ளைக் கொடி அவர்களைக் காக்கவில்லை.

அப்படியானால் அம்முகாம் தோல்விதானா? அவசரப்பட்டு அவ்வாறு முடிவு கட்ட இயலாது. கொண்டு செல்லப்பட்டோரின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. அப்பதிவு இருந்தமையால்தான் 158 என்ற எண் இன்றும் நிற்கிறது. பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளிக்கவும் முடிந்தது. பெயர் எழுதப்பட்ட மனிதனை இல்லாதவனாக்குவது கடினம். ஆயுதமற்ற காப்பின் முதற்கருவி இந்தப் பதிவேடுதான். நடந்ததைத் தடுக்க முடியாத இடத்திலும், நடக்கவில்லை என்று சொல்வதை அது தடுக்கிறது.

சமூக எல்லையில் நின்றுபோன காப்பு

இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் இனிமேல்தான் வருகிறது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் மீராஜும்மா, ஹுசைனியா ஆகிய பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்தோர்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதாயினர். அடுத்த வாரமே ஏறாவூர் முஸ்லிம்கள் நள்ளிரவில் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்டில் வீரமுனையிலும், செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்டோர் தமிழர்கள். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர்.

இந்த மூன்று மாதங்களின் துயரத்தை ஒரு சமூகத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது எளிது. இரு சமூகத்தவரும் பெரும்பாலும் அவ்வாறே எழுதியும் வந்துள்ளனர். நடுநிலையோடு நோக்குவோருக்கு வேறொன்று புலப்படும். தமிழ்ச் சமூகத்தின் குழுக்கள் தமிழருக்காகப் படைமுகாம்களுக்குச் சென்றன. முஸ்லிம் ஊர்கள் தம் பாதுகாப்பை ஊர்க்காவல் படையிடம் ஒப்படைத்தன. அவரவர் காப்பு அவரவர் ஊர் எல்லையோடு நின்றது. அந்த எல்லையைக் கடந்து, “அவர்களும் நம் பொறுப்பு” என்று சொல்லும் அமைப்பு வலுப்பெறாத இடைவெளியில்தான் வதந்தியும் பழிவாங்கலும் புகுந்தன.

அந்த எல்லையைக் கடக்க முயன்ற சிலரும் இருந்தனர். மட்டக்களப்புச் சமாதானக் குழுவைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார், ஆபத்தில் இருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவ வாழைச்சேனைக்குச் சென்று, 1990 ஆகஸ்ட் 15 அன்று திரும்பும் வழியில் தம்முடன் வந்த இளைஞரோடு காணாமற் போனார். அவருடைய தோழரான ஹரி மில்லர் அடிகளார் பின்னும் பல்லாண்டுகள் மட்டக்களப்பிலேயே தங்கி, காணாமற் போனோர் பற்றிய பதிவுகளைத் தொகுத்து, 2023இல் மறைந்தார்.

ஹில்ஃபுல் ஃபுளூல் தரும் அளவுகோல்

இவ்விடத்தில் நபி (ஸல்) அவர்களின் இளமைக்கால நிகழ்வொன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். ஃபிஜார் போர் ஓய்ந்த பின், ஸபீத் குலத்தைச் சேர்ந்த யமன் வணிகர் ஒருவர் மக்காவில் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயிலிடம் விற்று விலை பெறாமல் ஏமாற்றப்பட்டார். குலப் பாதுகாப்பையே சட்டமாகக் கொண்டிருந்த அச்சமூகத்தில், அயலூராருக்கு முறையிட இடமில்லை. அப்போது குறைஷியரின் சில கிளையினர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, மக்காவைச் சேர்ந்தவராயினும் வெளியூராராயினும் அநீதிக்கு ஆளானவர் பக்கமே நிற்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டனர். நபித்துவம் பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்நிகழ்வில் நபி (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என அவர்கள் கூறியதாக ஸீரா நூல்கள் பதிவு செய்கின்றன.

இந்த உடன்படிக்கையின் சிறப்பு, அது உறவினருக்காகச் செய்யப்படாமல் உறவற்றவருக்காகச் செய்யப்பட்டது என்பதில் அடங்கியுள்ளது. தன் குலத்தானைக் காப்பது ஜாஹிலிய்யாக் காலத்திலும் இருந்த பண்பே. குல எல்லைக்கு அப்பால் நிற்பவனுக்காகக் கூடியதுதான் புதுமை. 1990ஆம் ஆண்டின் கிழக்கிலங்கையில் போதிய வலுவோடு இல்லாதிருந்தது இதுவே.

இரு தரப்பும் அறிந்த முகங்கள்

பிற்காலத்தில் இப்பாடம் ஓரளவு கற்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் மூதூர், வாழைச்சேனை போன்ற கலப்பு ஊர்களில் வன்முறையற்ற அமைதிப் படையினர் தங்கினர். கொலை ஒன்று நிகழ்ந்தால், பழிக்குப் பழி தொடங்குமுன் இரு சமூகத்துப் பெரியோரும் ஒருவரையொருவர் தொடர்புகொண்டு உண்மைச் செய்தியை உறுதிசெய்ய வேண்டும். வதந்தியைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒரே நாளில் மறுக்க வேண்டும். கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடி முகாமுக்குச் செல்லும் தாயோடு உடன் செல்ல வேண்டும். ஆயுதமற்ற காப்பு என்பது நடைமுறையில் இத்தகைய சிறு செயல்களின் தொகுப்பே. வெளிநாட்டார் தருவது ஒரு கூடுதல் கண் மட்டுமே. ஊரின் நாவும் உறவும் ஊராரிடமே உள்ளன. அந்தக் கண்ணும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2006 மே மாதம் மூதூரில் அவர்களின் அலுவலகம் கைக்குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் இதே முறை மேலும் வேரூன்றியது. மோரோ முஸ்லிம்கள், கிறித்தவர்கள், லுமாத் பழங்குடியினர் ஆகியோர் சேர்ந்து வாழும் பிக்கிட் பகுதிச் சிற்றூர்கள், தொடர்ந்து வந்த போர்களால் சலித்து, தம் ஊரைச் சமாதான வெளியாக அறிவித்து, அரசுப் படையிடமும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியிடமும் தனித்தனியே பேசி ஒப்புதல் பெற்றன. 2003இல் ‘பந்தாய் சீஸ்ஃபயர்’ என்ற மக்கள் கண்காணிப்பு அணி தோன்றியது. அரசும் முன்னணியும் பின்னர் போர்நிறுத்தக் கண்காணிப்பில் குடிமக்கள் காப்புக்கெனத் தனிப்பிரிவையே ஏற்றுக்கொண்டன. ஊர்மக்கள் தொடங்கியது உடன்படிக்கையில் இடம்பெற்றது.

வன்னி விட்டுச்சென்ற கேள்வி

எதிர்மறைச் சான்றும் உண்டு. 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவை அடுத்து ஐக்கிய நாடுகள் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற முனைந்தபோது, மக்கள் அவர்களின் அலுவலக வாயிலில் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடினர். அப்பணியாளர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்கள் நின்றால் குண்டு விழாது என்ற உறுதியும் இல்லை. எனினும் பார்ப்பவர் இருப்பது தம் உயிருக்குத் தொடர்புடையது என்பதை அம்மக்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர். பணியாளர்கள் சென்றனர். 2009 மே வரை நடந்தது உலகறிந்தது. ஐ.நா.வின் உள்ளக ஆய்வுக் குழு 2012இல் தன் அமைப்பின் தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2015இல் அமைதிப்பணிகள் குறித்த ஐ.நா. உயர்நிலைக் குழு, குடிமக்களைக் காப்பதில் ஆயுதமற்ற வழிமுறைகளுக்கு முன்னிடம் தர வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

அமைதி நிலவும் ஊர்களுக்கும் இதில் பாடம் உண்டு. இராசிபுரம் போன்ற ஊர்களில் பல சமயத்தாரும் ஒரே சந்தையில் விற்று வாங்குகின்றனர். ஒரு தரப்பின் பெரியவரை மறு தரப்பார் பெயர் சொல்லி அறிவதும், இடர் வரும் நாளில் தயக்கமின்றி வாயிலுக்குச் சென்று அழைக்கக்கூடிய பழக்கம் இருப்பதும் சாதாரண நாள்களில்தான் சேமிக்கப்பட வேண்டும். தீப்பிடித்த பின் கிணறு வெட்டுவது பயன் தராது. இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடியவர்கள் ஓர் அயலாரின் முறையீட்டைக் கேட்டே கூடினர். நம் ஊரில் அத்தகைய முறையீடு எழுந்தால் எந்த இல்லத்தில் கூடுவோம், யார் யாரை அழைப்போம் என்பதை இன்றே அறிந்து வைத்திருப்பது நம் கடமையாகும்.