குற்றம் சாட்டப்பெற்ற பூச்சி

பொருநைக் கரையில் வாழும் நமக்கு நாவாய்ப்பூச்சி என்னும் சொல் புதியதன்று. பால் பிடிக்கும் பருவத்து நெற்கதிரில் வாயை ஊன்றிச் சாற்றை உறிஞ்சி, மணியைப் பதராக்கிவிடும் கதிர்நாவாய்ப்பூச்சியை அறியாத உழவர் பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எவரும் இரார். நாவாய்ப்பூச்சிகளின் பேரினத்துள் ஒரு கிளை, பயிர்ச்சாற்றை விடுத்துப் பிற பூச்சிகளைக் கொன்று உண்ணத் தலைப்பட்டது. அக்கிளையுள்ளும் ஒரு சிறு கூட்டம் குருதியையே உணவாகக் கொண்டது. அக்கூட்டத்தைச் சேர்ந்த பூச்சியொன்றின்மீது நம் நாட்டில் ஒரு பெருங்குற்றம் சாட்டப்பட்டது. அதன் உண்மை தெளிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வழக்கின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

முதலில் பூச்சியை அறிந்துகொள்வோம். அதன் பெயர் டிரையடோமா ருப்ரோபேசியேட்டா. பழைய நூல்கள் கோனோரைனஸ் என்று அழைத்தன. சற்றேறக்குறைய ஓர் அங்குல நீளம், கரிய உடல், ஓரங்களில் செந்நிறக் கோடு. பகலில் சுவர் வெடிப்பிலும் எலிவளையிலும் பதுங்கியிருந்து, இருட்டியபின் வெளிப்படும். உறங்குகின்றவன் விழித்துக்கொள்ளாதவாறு மெல்லிய நேரான அலகைத் தோலில் செலுத்திக் குருதியை உறிஞ்சும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்தே முழு வளர்ச்சி பெறும். ஒவ்வொரு முறையும் தோலுரிக்கக் குருதியுணவு வேண்டும். உணவு கிட்டாவிடில் பல வாரங்கள் பட்டினி கிடக்கவும் வல்லது. எலியோடு எலியாகக் கப்பலேறி, வெப்ப நாடுகளின் துறைமுகங்கள் பலவற்றில் இது குடியேறிவிட்டது. இதன் மூதாதையர் அமெரிக்காவிலிருந்து வந்தனர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

இப்போது 1909-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். பிரேசில் நாட்டில் லாசான்ஸ் என்னும் சிற்றூர். இருப்புப்பாதை போடும் தொழிலாளரிடையே மலேரியாவைத் தடுக்க அனுப்பப்பட்ட கார்லோஸ் சாகஸ் என்னும் இளம் மருத்துவர், குடிசைகளின் மண்சுவர் வெடிப்புகளில் மண்டிக்கிடந்த பெரிய நாவாய்ப்பூச்சிகளைக் கண்டார். உறங்குவோரின் முகத்தில் கடிப்பதால் அவ்வூரார் அதனை நாவிதன் என்றே அழைத்தனர்! அதன் குடலில் ஒட்டுண்ணி ஒன்று இருப்பதை அவர் அறிந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், காய்ச்சலுற்றிருந்த இரண்டு வயதுச் சிறுமியின் குருதியிலும் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். பூச்சியில் முதலில் கண்டு, பின்னரே மனிதனிடம் நோயைத் தேடிப் பிடித்தது மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. அச்சிறுமி எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தாள். ஆயின் அந்நோய் பலருடைய இதயத்தைப் பல்லாண்டுகள் அரித்துக் கொல்வது. அது கடிவாயின் வழியே நேராகப் புகுவதன்று. பூச்சி குருதியுண்டவுடன் அருகிலேயே மலம் கழிக்கும். உறங்குகின்றவன் தினவெடுத்துச் சொறியும்போது, மலத்திலுள்ள ஒட்டுண்ணி புண் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே நுழையும்.

அதே 1909-ஆம் ஆண்டில், கடல்களுக்கு அப்பால் சென்னையில், சார்லஸ் டோனோவன் என்னும் மருத்துவர் நம் கோனோரைனஸ் பூச்சியை உருப்பெருக்கியின்கீழ் ஆராய்ந்துகொண்டிருந்தார். இவர் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியை 1903-இல் கண்டு உலகுக்கு அறிவித்தவர்; ஒட்டுண்ணியின் பெயரில் இவர் பெயரும் நிலைத்துவிட்டது. மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, மேனி கறுத்துச் சாகும் அக்கொடிய நோய் சென்னை நகரில் மட்டுமின்றி, நம் திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலும் இருந்தது. அதனைப் பரப்புவது எது? டோனோவனின் ஐயம் கோனோரைனஸின்மேல் விழுந்தது. வீட்டில் ஒளிந்திருக்கின்றது, இரவில் குருதி குடிக்கின்றது, குடலில் ஒட்டுண்ணியும் காணப்படுகின்றது. இவற்றைவிட வலிய சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் அக்குடலில் இருந்தது வேறோர் ஒட்டுண்ணி. டிரிபனோசோமா கோனோரைனி என்று பெயர் பெற்ற அஃது எலிகளுக்கு உரியது. பிரேசில் ஒட்டுண்ணியைப் போலவே பூச்சியின் மலத்தோடு வெளிப்படுவது. எனினும் கருங்காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் என்பவரோ மூட்டைப்பூச்சியே குற்றவாளி என்று வாதிட்டார். அறிஞர் இருவரும் தத்தம் பூச்சியை விட்டுக்கொடுக்கவில்லை. நோயாளிகள் இறந்துகொண்டிருந்தனர்.

உண்மைக் குற்றவாளி, கொசுவலையின் கண்ணிலும் நுழையக்கூடிய மணல் ஈ. 1924-இல் கல்கத்தா ஆய்வாளர்கள் அதனுடலில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டனர். ஆயினும் மணல் ஈ கடித்தும் நோய் வரவில்லை! காரணம் வேடிக்கையானது. சோதனைக்கூடத்தில் ஈக்களுக்கு மீண்டும் மீண்டும் குருதியையே கொடுத்துவந்தனர். இயற்கையிலோ அவை செடிச்சாற்றையும் பருகுபவை. குருதிக்குப்பின் உலர்ந்த திராட்சையின் சாற்றை அருந்தவிட்டதும் ஒட்டுண்ணி செழித்துப் பெருகியது. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும், தாமாக முன்வந்தோரை அத்தகைய ஈக்களைக் கொண்டு கடிக்கச்செய்து நோயை உண்டாக்கி ஐயத்தைத் தீர்த்தனர். கோனோரைனஸ் விடுதலை பெற்றது. அதன் கடி சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது மெய். ஆயினும் சாகஸின் நோயை அது நம் மக்களிடையே பரப்பியதில்லை. பரப்ப வேண்டிய ஒட்டுண்ணியே இங்கு இல்லை.

இவ்வினத்தைப் பற்றிய அறிவுக்குப் பாளையங்கோட்டை ஆற்றிய தொண்டையும் சொல்லவேண்டும். அங்குள்ள தூய சவேரியார் கல்லூரியின் பூச்சியியல் ஆய்வுப் பிரிவில் டன்ஸ்டன் அம்புரோஸ் என்பார், பூச்சிகளைக் கொல்லும் நாவாய்ப்பூச்சிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1999-இல் ஒரு பெருநூல் எழுதினார். இவற்றின் அலகு வளைந்தது. பருத்தியையும் நிலக்கடலையையும் அழிக்கும் புழுக்களைக் குத்திக் கொல்லும் உழவர் தோழன் இது. குருதியுண்ணியின் அலகோ நேரானது. அலகைப் பாராமல் இரண்டையும் ஒன்றென எண்ணி நசுக்குவோர் தம் வயலின் காவலனையே கொல்கின்றனர்.

இந்தியாவுக்கே உரிய குருதியுண்ணிப் பேரினமும் ஒன்றுண்டு, பெயர் லின்ஷ்கோஸ்டியஸ். அதன் உறவினங்கள் அலகை மார்பிலுள்ள பள்ளத்தில் தேய்த்துக் கிறீச்சென ஒலியெழுப்பும். இதற்கு அப்பள்ளமே இல்லை. 2002-இல் தமிழ்நாட்டிலிருந்து அதன் ஆறாவது இனம் அறிவிக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் கரூப்பஸ். தமிழ்ச் செவிக்கு அஃது அந்நியமாக ஒலிக்கவில்லை!

கருங்காய்ச்சல் நம் மாவட்டத்தை விட்டு அகன்றுவிட்டது. ஆனால் தாமிரபரணி தோன்றும் அகத்தியமலையின் மறுபுறத்தில், கேரளத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில், அதே ஒட்டுண்ணி தோற்புண்ணாக வெளிப்படுவதை 2015-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அக்குடியிருப்புகளில் ஆய்வாளர் தேடிச் சேகரித்தது மணல் ஈக்களை.