எண்ணெயை மேலே ஏற்றுவது யார்?

லாரி எஞ்சினில் எண்ணெய் மாற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைக் கழற்றுவார். பழைய எண்ணெய் தானே வடிந்துவிடும். ஆனால், உள்ளே எஞ்சின் பொருத்திய படகில் இது எளிதன்று. தொட்டிக்கும் படகின் அடித்தளத்துக்கும் இடையே பல படகுகளில் கை நுழையக்கூட இடமிராது. சிந்தும் எண்ணெய், படகின் அடியில் தேங்கும் நீரோடு கலந்து கடலைச் சேரும்.

ஆகவே எண்ணெயை மேல்வழியாக எடுக்கிறார்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துகிறார்கள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அத்துளை வழியே ஒரு மெல்லிய குழாயைத் தொட்டியின் அடிவரை செலுத்துகிறார்கள். குழாயின் மறுமுனையை உறிஞ்சு பம்பில் இணைத்து இயக்கினால், கறுத்த எண்ணெய் மேலேறி வருகிறது.

அதை மேலே ஏற்றியது யார்? வகுப்பில் கேட்டால், "பம்பு இழுத்தது" என்றே மாணவர்கள் பலரும் சொல்வார்கள். அது தவறு. ஆனால் அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கலிலியோவே இவ்விடத்தில் இடறியிருக்கிறார்!

1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ ஒரு செய்தியைக் கூறுகிறார். ஒரு நீர்த்தொட்டியில் வைத்த உறிஞ்சு பம்பு, நீர்மட்டம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் வேலை செய்யவில்லை. பழுதுபார்க்க வந்தவர், பம்பில் குறையில்லை என்றார். சுமார் 10 மீட்டருக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் நீரை ஏற்றாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதைப்போல, நீர்த்தம்பமும் தன் எடை தாங்காமல் அறுகிறது என்று கலிலியோ விளக்கம் தந்தார். அவருக்கும் பம்பு என்பது 'இழுக்கும்' கருவிதான்.

கலிலியோவின் இறுதி மாதங்களில் உடனிருந்தவர் டாரிசெல்லி. நீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே சிறிய குழாயே போதும் என அவர் கண்டார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது, பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. மேலே வெற்றிடம். அங்கே இழுப்பதற்கு எதுவுமில்லை! கிண்ணத்துப் பாதரசத்தின்மேல் அழுத்தும் காற்றே தம்பத்தைத் தாங்குகிறது என்று 1644-இல் அவர் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

காற்றின் எடைதான் காரணமென்றால், மலைமேல் காற்று குறைவு. பாதரசமும் இறங்க வேண்டுமல்லவா? இப்படிச் சிந்தித்தவர் பாஸ்கல். அவர் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் புய் தெ தோம் மலைமேல் குழாயைக் கொண்டுசென்றார். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. அடிவாரத்தில் காவலோடு வைத்திருந்த மற்றொரு குழாயில் நாள் முழுவதும் மாற்றமே இல்லை. ஐயம் தீர்ந்தது.

இனிப் படகுக்குத் திரும்புவோம். பம்பு செய்வதெல்லாம் குழாயில் உள்ள காற்றைக் குறைப்பதுதான். தொட்டியில் உள்ள எண்ணெயின்மேல் காற்று அழுத்தி, அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இதனால்தான் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்துவைப்பது நல்லது. காற்று உள்ளே நுழைய வழியிருக்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்குவதற்கும் இதுவே காரணம். காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் எடை அளவே. எவ்வளவு பெரிய பம்பை வைத்தாலும் தள்ளும் விசை அதற்குமேல் கூடாது. படகில் எண்ணெய் ஏற வேண்டிய உயரம் சிறிதுதான். உயரம் அங்கே தடையன்று. குளிர்ந்த எண்ணெயின் பாகுத்தன்மையே தடை. மெல்லிய குழாயில் அது மிக மெதுவாக ஊர்ந்தே வரும். தள்ளுபவனின் வலிமையைக் கூட்ட முடியாதபோது, தள்ளப்படும் பொருளை இளக்குவதுதானே வழி? சூடான எண்ணெய் இளகி விரைவாக ஏறுகிறது. அடியில் படிந்த கசடும் அதனோடு கலந்து வெளியேறுகிறது.

அடுத்தமுறை குழாய் வைத்து இளநீர் குடிக்கும்போது எண்ணிப் பாருங்கள். உறிஞ்சுவது நீங்கள், ஊட்டுவது காற்று!