மருத்துவப் படிப்பும் நம் தோட்டப்புறப் பிள்ளைகளும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வந்ததும் ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். "பிள்ளை நன்றாகத் தேறியிருக்கிறான், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பர். அருகிலிருக்கும் யாரேனும் ஒருவர் "கோட்டா" என்று ஒரே சொல்லில் மறுமொழி கூறுவார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அந்தச் சொல் உண்மையே. ஆனால் பாதி உண்மை. விண்ணப்பப் படிவம் கைக்கு வருமுன்பே தோட்டத்துப் பிள்ளை எங்கெங்கு நிறுத்தப்பட்டான் என்பதை அது மறைத்துவிடுகிறது.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்று அதனைக் காட்டுகிறோம். அந்த மரத்தின் பொருட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எத்தகைய பள்ளி கிடைத்தது என்பதையும் அங்கேயே சொல்லித் தரலாம். 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றன. நிருவாகமும் அமைத்தது. ஆயாக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை; கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியர். எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை, கொஞ்சம் வளர்ந்ததும் வெட்டுக்காட்டிற்குப் போனான். அப்பள்ளியிலிருந்து மேலே ஏறுவதற்குப் படியே வைக்கப்படவில்லை.

அதே காலத்தில் மருத்துவக் கல்வியும் இவ்வட்டாரத்திற்கு வந்துவிட்டது. 1905-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது; அதன் வாயில் ஆங்கிலம் கற்றவர்க்கே திறந்தது. ஈப்போவில் 1895 முதல் ஆங்கிலோ சீனப் பள்ளி நடந்து வந்தது. நகரத்தில் வாழ்ந்த இலங்கைத் தமிழர், அரசாங்க எழுத்தர், இரயில்வே ஊழியர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகள் இத்தகைய ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று மருத்துவர் ஆயினர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் 1962-இல் கோலாலம்பூரில் அமைந்தபோது அதன் முதல் புலத்தலைவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ் என்னும் தமிழர்.

நாம் பெருமைப்படும் செய்திதான் இது. ஆயினும் பின்னால் வந்த இடரும் இதற்குள்ளேயே இருந்தது. மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட மிக அதிகமாகவே அன்று இந்தியர் மருத்துவத் துறையில் இருந்தனர். புள்ளிவிவரத்தில் ஈப்போ நகர வழக்கறிஞரின் மகனும் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகனும் "இந்தியர்" என்னும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டனர். அந்தக் கட்டத்தைப் பார்ப்பவர்க்கு, மருத்துவக் கல்வியில் இந்தியர் பின்தங்கியவராகத் தோன்றவே இல்லை. லயத்துப் பிள்ளைக்கெனத் தனிக் கட்டம் எந்த அறிக்கையிலும் இல்லை.

விடுதலைக்குப் பின் ஒரு படி வைக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லலாம். 1964-க்குப் பின் இடைநிலை நுழைவுத் தேர்வும் நீக்கப்பட்டதால் வாயில் இன்னும் அகன்றது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றன. அதனைத் தடுக்கவே பேராக்கைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் கைமாறினால் குடும்பம் இடம்பெயரும். பிள்ளையின் படிப்பு நடுவில் அறுபடும். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று 530-க்கும் குறைவாகவே உள்ளன. அவற்றுள் 134 நம் பேராக் மாநிலத்தில். இந்தக் கணக்கிற்குப் பின்னால், புகுமுக வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளைகளின் கணக்கு ஒன்று உண்டு. அதனை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி கோட்டாவிற்கு வருவோம். 1969 மே கலவரத்திற்குப் பின் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, இடங்களைவிடத் தகுதியுடையோர் மிகுதியாக உள்ள கல்வித் துறைகளில் மலாய்க்காரர்க்கும் சபா சரவாக் பூர்வீகக் குடியினர்க்கும் இடம் ஒதுக்க வழி செய்யப்பட்டது. அதே ஆண்டு மஜிட் இஸ்மாயில் குழுவினர், பல்கலைக்கழகம் முழுமைக்கும் மட்டுமன்றி ஒவ்வொரு புலத்திலும் நாட்டின் இன விகிதம் தென்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். மருத்துவம் நேரடியாக அதற்குள் வந்தது.

இத்திட்டத்தை நடுநிலையோடு பார்க்க வேண்டும். அன்று மலாய் மருத்துவர் மிகச் சிலரே. கிரியான் நெல்வயலில் உழைத்த குடும்பமும் நம்மைப் போலவே ஏழைக் குடும்பம்தான். கவனிக்க வேண்டியது, அரசாங்கம் அப்பிள்ளைக்கு என்ன செய்தது என்பதே. இட ஒதுக்கீட்டோடு அது நின்றுவிடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அப்பிள்ளையை விடுதிப் பள்ளிக்குக் கொண்டு சென்றது. 1972 முதல் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள் எழுந்தன. ஈப்போவிலேயே துவாங்கு அப்துல் ரஹ்மான் பள்ளி இருக்கிறது. அங்கு ஆய்வுக்கூடம் உண்டு, உணவு உண்டு, மாலையில் பாடம் சொல்லித்தர ஆசிரியர் உண்டு. பின்னர் மெட்ரிகுலேஷன். இத்தனைக்கும் பிறகே விண்ணப்பப் படிவம். நம்மவர் மேடைகளில் பேசியதெல்லாம் கடைசிப் படியாகிய இட எண்ணிக்கையைப் பற்றியே. பதின்மூன்று வயதில் கிடைக்கும் அந்த விடுதிக் கட்டிலைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை என்பது என் கருத்து.

2002-இல் பல்கலைக்கழக இன ஒதுக்கீடு நீக்கப்பட்டு, தகுதி அடிப்படை என்னும் முறை அறிவிக்கப்பட்டது. ஆனால் அத்தகுதியை அளக்க இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று, ஓராண்டு மெட்ரிகுலேஷன். மற்றொன்று, அதனினும் நீண்டதும் கடினமானது எனப் பலரும் ஒப்புக்கொள்வதுமான எஸ்.டி.பி.எம். தேர்வு. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதார்க்கு 10 விழுக்காடு இடம் திறந்துவிடப்பட்டதும் இக்காலத்தில்தான். இரு தேர்வுகளின் 4.00 புள்ளியும் ஒன்றாகவே வைக்கப்பட்டதன் விளைவை 2004-இல் நாடு கண்டது. எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுப் புள்ளி பெற்ற 128 மாணவர்க்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் முதலில் மறுக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சீன மாணவர். ஆயினும் ஆறாம் படிவம் பயின்ற நம் பிள்ளைகளின் நெஞ்சிலும் அச்செய்தி ஆழமாகத் தைத்தது.

வாயில் அடைபட்டால் மக்கள் வேலியைத் தாண்டுவர். வசதியுள்ளோர் மணிப்பால் சென்றனர். ம.இ.கா.வின் கல்வி அமைப்பு 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது; ஈப்போவிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. கட்டணமோ இலட்சக்கணக்கான வெள்ளி. பி.டி.பி.டி.என். கடன் போக மீதிக்கு ஊழியர் சேமநிதியைத் துடைத்தெடுத்த குடும்பங்களும் வீட்டை அடகு வைத்த குடும்பங்களும் உண்டு. செலவு குறைவு என்று இன்னும் சிலர் உக்ரைனின் கிரைமியாவுக்குப் பிள்ளைகளை அனுப்பினர். 2005-இல் கிரைமிய மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கிய அங்கீகாரத்தை மலேசிய மருத்துவ மன்றம் இனிமேல் சேர்வோர்க்கு இல்லை என்று விலக்கிக்கொண்டது. நம் சமுதாயத்தில் அன்று எழுந்த கொந்தளிப்பு பலர்க்கு நினைவிருக்கும்.

2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்ட மக்களின் குரலுக்குப் பிறகே இந்திய மாணவர்க்கு எனத் தனி எண் பேசப்பட்டது. 2012-இல் 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. நல்ல செய்திதான். ஆனால் பழைய கட்டம் மாறவில்லை. நகரத்து மருத்துவரின் மகளும் தோட்டத்துக் காவலாளியின் மகளும் அதே 1,500-க்குள் போட்டியிட வேண்டும். 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் 90-க்கு 10 என்னும் பங்கீடு அப்படியே இருந்தது.

வேறுவகையாகவும் செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. அங்கு நெடுங்காலமாகச் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு உள்ளது. நீட் நுழைவுத் தேர்வு வந்தபின், அவ்வொதுக்கீடு இருந்தும் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயினர். ஆகவே 2020-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே பயின்று நீட் தேறியவர்க்கு, ஒவ்வொரு பிரிவின் ஒதுக்கீட்டிற்கு உள்ளேயும் 7.5 விழுக்காடு இடம். முதலாண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்க்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்க்கும் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. பிள்ளை எந்தச் சமூகம் என்பதோடு எந்தப் பள்ளி என்றும் அச்சட்டம் கேட்டது. நம் நாட்டில் எந்தத் திட்டமும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவனா என்று இதுவரை கேட்டதில்லை.

அண்மைய மாற்றம் ஒன்று நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. 2024 ஜூன் 30-ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ மற்றும் அதற்கு மேல் பெறும் அனைவர்க்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என அறிவித்தார். எந்தத் தரங்கள் ஏ எனக் கொள்ளப்படும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் கவனமாகப் பாருங்கள். பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி ஈப்போவை அடுத்த கோப்பெங்கில்தான் இருக்கிறது.

இப்பொழுது பாடங்களை எண்ணிப் பாருங்கள். தேசிய மொழி, ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். அறிவியல் பிரிவு மாணவர் வழக்கமாக எடுப்பவை இந்த ஒன்பதே. பத்தாவது பாடம் எது? "தமிழ் எடுத்தால் புள்ளி குறையும், மருத்துவக் கனவு கெடும்" என்று பிள்ளைகளைத் தடுத்த பெற்றோரும், வருத்தத்திற்குரியது, ஆசிரியரும் உண்டு. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்க முனைந்தபோது தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் காக்கக் குரல் கொடுத்துப் பன்னிரண்டு பாடங்கள்வரை எழுதும் உரிமையைப் பெற்றோம். அந்த உரிமைக்கு இன்று புதிய பயன் வந்திருக்கிறது. தமிழில் ஏ பெறுவது எளிதன்று; முதலாம் படிவத்திலிருந்தே தொடர்ந்து பயில வேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புத் திறக்கக் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்க வேண்டும். நான்காம் படிவத்தில் போய்க் கேட்டால் மூன்றாண்டுப் பாடம் போயிருக்கும். எனவே ஆறாம் ஆண்டு மாணவர் நம் பள்ளியை விட்டுச் செல்லும்போதே, எவரெவர் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகின்றனர் என்று பட்டியல் எடுத்து, அப்பதினைந்து பெற்றோரின் கையொப்பத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம்.