விடுதிச் சுவர்களும் ஏழையின் சொல்லும்

கம்பம் பள்ளத்தாக்கில் நம் மக்களின் கல்வி வரலாறு விடுதிகளோடு பிணைந்தது. பெற்றோர் ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலையேறிப் பிழைக்கச் சென்றபோது, பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தந்தவை ஆதிதிராவிடர் நல விடுதிகளும் கிறித்தவச் சபையார் நடத்திய விடுதிகளுமே ஆகும். பொதுக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டவனின் மகனுக்குப் பாயும் விளக்கும் தந்த அந்த அறத்தை நாம் மறவோம். ஆயினும் நன்றியுணர்வு வேறு. கேள்வி கேளாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட அயர்லாந்து நாடு கொடுத்த விலையை நாம் அறிதல் நன்று.

அந்நாட்டில் ‘தொழிற்பள்ளிகள்’ என்னும் பெயரால் கத்தோலிக்கத் துறவியர் சபைகள் பல்லாண்டுகள் குழந்தைகள் இல்லங்களை நடத்தின. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் குற்றம் புரிந்தவரல்லர். வறுமையே அவர்களை நீதிமன்றத்தின் வழியாக அங்குக் கொண்டு சேர்த்தது. குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என அரசு மானியம் அளித்தது. 1970இல் கென்னடி குழு இம்முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. எனினும் உள்ளே நிகழ்ந்த கொடுமைகள் 1999இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வாயிலாகவே நாடறிய வெளிப்பட்டன. அவ்வாண்டு மே 11ஆம் நாள் பிரதமர் பெர்ட்டி அகெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

2009 மே 20ஆம் நாள் ரையன் ஆணையம் 5 தொகுதிகளாகத் தன் அறிக்கையை வெளியிட்டது. அடியும் அச்சமுமே இல்லங்களை நடத்தும் முறையாக இருந்தன என்றும், ஆண் சிறுவர் இல்லங்களில் பாலியல் கொடுமை பரவியிருந்தது என்றும் அது உரைத்தது. குற்றவாளிகள் எனத் தெரிந்தவர்கள் தண்டிக்கப்படாமல் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். கல்வித் துறையோ சபையாரிடம் பணிந்து நடந்தது; அதன் மேற்பார்வை பயனற்றுப் போயிற்று. துறவியின் சொல்லுக்கு முன் ஏழைப் பிள்ளையின் சொல் எடைபோடப்படவே இல்லை. இத்தகைய நிலையை நாம் அறியாதவர்களா?

இக்கேடு ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் உரியதன்று. கேட்பாரற்ற அதிகாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டின் அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் பதிவாயிற்று. 2017 மே 5ஆம் நாள் அதில் தீர்ப்பு வந்தது. எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்த பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் கூறுகின்றது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் முதலில் அதன் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் போதெல்லாம் பிள்ளையைத் தனியே கண்டு பேச வேண்டும். பெற்றோரால் இயலாதபோது நம் சங்கத்தார் சென்று பார்க்க வேண்டும். விடுதிக்குத் திரும்பிச் செல்ல மறுக்கும் குழந்தையை அடித்து அனுப்பாமல், காரணத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்கலாகாது.

படிக்க அனுப்பிய பிள்ளை அச்சமின்றிப் படித்துத் திரும்புவதே கல்வி. அதனை உறுதி செய்யக் கேள்வி கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. அது பெற்றோர் கடமை, நம் சங்கத்தின் கடமையும் ஆகும்.