"மோர் பெட்டர்"னு சொன்னா என்ன தப்பு?

கள்ளக்குறிச்சியில ஏழாவது படிக்கும்போது எழுந்து நின்னு "மோர் பெட்டர்"னு சொல்லிட்டேன். டீச்சர் சிரிச்சாங்க, மொத்த வகுப்பும் சிரிச்சுது. அப்புறம் ரெண்டு வருஷம் நான் இங்கிலீஷ்ல வாயே திறக்கல. இன்னிக்கு எபிசோட் அந்தச் சிரிப்பைப் பத்தி.

எங்க ஊருக்கு மேற்குப் பக்கம் கல்வராயன் மலை. வடக்குப் பகுதி சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தெற்குப் பகுதி பெரிய கல்வராயன், 4,000 அடி. ஒப்பிட்டு வெச்ச பேருங்கதான். "அதைவிடப் பெரிய மலை"ன்னு சொன்னாலும் 'பெரிய' மாறாது. வேலையை 'விட' பார்த்துக்குது. தொல்காப்பியமும் ஒப்பிடுற வேலையை ஐந்தாம் வேற்றுமைகிட்டதான் கொடுக்குது. 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல்லும் இதைக் கவனிச்சிருக்கார்.

இங்கிலீஷ்ல சொல்லே மாறணும். 'குட்'டுக்கு 'பெட்டர்', 'பேட்'டுக்கு 'வொர்ஸ்'. வேற வேற வேர்ச்சொற்கள் ஒரே வீட்டுல குடியேறிடுச்சு. சரி, மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா 'லெஸ்ஸர்'? 'லெஸ்'ஸே ஒப்பீட்டு வடிவம்தான், அதுக்கு மேல இன்னொரு 'அர்'. 'நியர்' கதை இன்னும் தமாஷ். பழைய ஆங்கிலத்துல அதுக்கே 'இன்னும் பக்கத்துல'ன்னுதான் அர்த்தம். அது மறந்துபோய் 'நியரர்'னு மறுபடி ஒட்டினாங்க. நம்ம 'நடு சென்டர்' மாதிரி.

ஷேக்ஸ்பியர் 'வொர்ஸர்'னு தாராளமா எழுதினவர். அப்போ யாரும் அதைத் தப்புன்னு சொல்லி சிரிக்கல. திட்டு ஆரம்பிச்சது பதினெட்டாம் நூற்றாண்டுல. 1755-ல வந்த அகராதியில சாமுவேல் ஜான்சன் 'லெஸ்ஸர்', 'வொர்ஸர்' ரெண்டையுமே காட்டுமிராண்டித்தனம்னு எழுதினார். 1762-ல ராபர்ட் லவுத்தோட இலக்கணப் புத்தகம் வந்துச்சு. அவரும் ரெண்டும் தப்புன்னார். ஆனா ஒரு உண்மையை ஒத்துக்கிட்டார்: 'வொர்ஸர்' காதுக்கு அதிகமா உறுத்துறதுக்குக் காரணம், அது அவ்வளவா புழக்கத்துல இல்லைங்கிறது மட்டும்தான். அதனாலதான் இன்னிக்கு 'லெஸ்ஸர்' பாஸ், 'வொர்ஸர்' ஃபெயில். இலக்கணம்னு நாம பயந்தது பாதி பழக்கம்தான். (பரீட்சையில எழுதிடாதீங்க, மார்க் போயிடும்.)

அப்போ 'மோர் பெட்டர்'? 'தி டெம்பஸ்ட்' நாடகம், முதல் அங்கம், ரெண்டாவது காட்சி. சொல்றது புராஸ்பெரோ, புத்தகமே கதின்னு கிடந்த மனுஷன். காலேஜ் முடிச்ச வருஷம், சேலத்துலேருந்து ஊருக்கு வர்ற பஸ்ல அந்த வரியைப் படிச்சு சத்தமா சிரிச்சிட்டேன். பக்கத்து சீட்டு அக்கா திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, ஜோக்கா?"ன்னு கேட்டாங்க.