ஆமை நடை: நம் கடற்கரையில் ஒரு மாணவர் வரலாறு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது விடுதிச் சாம்பார்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் நான் எங்கே காணாமல் போனேன் என்று என் அறை நண்பர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், நள்ளிரவில், மணலில். பங்குனி ஆமை முட்டையிட்டுத் திரும்பிய தடத்தைத் தேட வேண்டும். முதல் நாள் நான் டார்ச் அடித்துவிட்டேன். "டேய், லைட்டை அணைடா!" என்று சீனியர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தடம் கிடைத்தால் கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மணல் இளகும் இடத்தில் கையால் தோண்டுவோம். நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். எண்ணி, தேதியும் இடமும் நோட்டில் எழுதி, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்போம். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும்.

இந்த நடை எங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில், முட்டைகள் திருடுபோவதைக் கண்டு, சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி. மாணவர். பொறியியல் வகுப்பைவிடக் கடல்தான் அவருக்குப் பிடித்தது. (நம் பேராசிரியர்கள் இந்த வரியை மன்னிக்க வேண்டும்.) பிற்பாடு இந்தியக் கரைகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவொன்றில் ஐந்து மாதம் தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதை எடுத்துத் தபாலில் சேர்த்தாராம்! 2023-இல் அவர் காலமானார்.

1988-இல் சென்னை மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, மார்க் கிடையாது. ஒவ்வொரு பருவமும் புது மாணவர்கள் வந்தார்கள், நோட்டுகள் சேர்ந்தன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அது வழக்கமான சாவு அல்ல என்று சொல்ல முடிந்தது அந்தப் பழைய கணக்குகளால்தான்.

எழுபதுகளில் திருடர்கள்; எங்கள் காலத்தில் வெளிச்சம். குஞ்சு எந்தப் பக்கம் பிரகாசமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல், இப்போது ரோடு.

இதில் எனக்கும் பங்குண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் கடற்கரையோரக் கட்டடம் ஒன்றுக்கு வெளிவிளக்கு வரைபடம் போட்டேன். லக்ஸ் அளவு சரி, கேபிள் சரி, எல்லாரும் பாராட்டினார்கள். கடலைப் பார்த்து எட்டு விளக்குகள். அடுத்த பருவம், நாங்கள் தவறவிட்ட ஒரு கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவந்திருந்தன. சின்னச் சின்னத் தடங்கள் எல்லாம் அந்த மதில்சுவரை நோக்கிப் போயிருந்தன.

நிர்வாகத்திடம் போய்ப் பேசினேன். ஜனவரி முதல் மே வரை இரவு பதினொரு மணிக்கு மேல் நான்கு விளக்குகளை அணைக்கச் சம்மதித்தார்கள். மீதி நான்கும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. மறைப்புத் தகடுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.