நாள்பட்ட அழற்சி: அறிந்துகொள்வோம், அடக்கி வைப்போம்

காலில் முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. மருத்துவத்தில் இதை அழற்சி என்கிறார்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கு அடையாளங்களையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போவதைப் பின்வந்தவர்கள் ஐந்தாவது அடையாளமாகச் சேர்த்தார்கள்.

அழற்சி என்றதும் அதை நோய் என்று நினைத்துவிடக் கூடாது. அது உடலின் காவல் வேலை. கிருமி நுழைந்தாலோ தசை கிழிந்தாலோ அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. வெள்ளை அணுக்கள் விரைந்து வந்து கிருமியை விழுங்குகின்றன, சிதைந்ததை அகற்றுகின்றன. வேலை முடிந்ததும் கலைந்து போகின்றன. சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வேலை முடிந்த பிறகும் காவலர்கள் கலையாமல் நின்று, காக்க வேண்டிய வீட்டையே இடிக்கத் தொடங்கினால் அதுதான் நாள்பட்ட அழற்சி. இது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நீடிக்கும். பல நேரங்களில் வெளியே சிவப்பும் இருக்காது, சூடும் இருக்காது. அதனால்தான் இது கவனத்துக்கு வராமலே வளர்ந்துவிடுகிறது.

அணையாமல் இருப்பது ஏன்?

காரணங்களை நான்காகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது.

முதலாவது, உடலை விட்டுப் போகாத கிருமி. காசநோய் இதற்கு நல்ல உதாரணம். வயிற்றுப் புண்ணும் அப்படித்தான். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. அவருக்கும் அவருடைய சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இந்தக் கிருமியால் வரும் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். கிருமி ஒழிந்தால் அழற்சியும் அடங்கும்.

இரண்டாவது, உடல் தன்னையே பகையாக நினைப்பது. முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், குடல் அழற்சி நோய்கள் இந்த வகை.

மூன்றாவது, வெளியிலிருந்து ஓயாமல் வரும் உறுத்தல். பீடி, சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, வேலை செய்யும் இடத்துத் தூசி ஆகியவை நுரையீரலை நாள்தோறும் உறுத்துகின்றன.

நான்காவது, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. கொழுப்பு அணுக்கள் எண்ணெயைச் சேமிக்கும் பைகள் மட்டுமல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் அவை சுரக்கின்றன. உடல் பருத்த எலிகளின் கொழுப்பில் இப்படியொரு பொருள் சுரந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது என்று 1993-ல் கண்டறிந்தார்கள். தொப்பைக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு இதிலிருந்து இன்னும் தெளிவானது. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்ற அளவை எட்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

இதயத்தோடு என்ன தொடர்பு?

இரத்தக் குழாயில் கொழுப்பு படிவதால்தான் மாரடைப்பு வருகிறது என்று நாம் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. படிந்த கொழுப்பைச் சுற்றி அழற்சி உண்டாகி, அந்தப் படிவு வெடிக்கும்போதுதான் பெரும்பாலும் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது.

2017-ல் வெளியான 'கேண்டோஸ்' ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், அழற்சி அளவு கூடியிருந்த சுமார் 10,000 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி மருந்து தரப்பட்டது. 150 மில்லிகிராம் ஊசி பெற்றவர்களிடையே மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்த மருந்தைப் பெற்றவர்களிடையே தொற்றுநோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். காவலர்களை ஒரேயடியாக வெளியேற்றிவிட்டால் திருடன் உள்ளே வந்துவிடுவான். ஆகவே அழற்சியை அளவோடு வைத்துக்கொள்வதே நமக்குத் தேவை. அடியோடு ஒழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது.

இரத்தப் பரிசோதனை

சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரண்டு பரிசோதனைகளை லேப் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் 1930-ல் முதலில் கண்டறியப்பட்டது. ஈ.எஸ்.ஆர். என்பது சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்ற கணக்கு.

இதய ஆபத்தை அறிய ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற நுட்பமான பரிசோதனை உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது பொதுக் கணக்கு. 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல் போன்ற வேறு காரணம் இருக்கலாம். அது சரியான பிறகு மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இந்த எண்கள் அழற்சி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எங்கே, ஏன் என்று சொல்லாது. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாமே நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டிய மூட்டு வலி

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவில்லை, மாவு பிசைய முடியவில்லை, வெயில் ஏறிய பிறகுதான் கை பிடிக்கு வருகிறது என்று வீட்டுப் பெண்கள் சொன்னால் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பும், இரு கைகளிலும் சிறு மூட்டுகளில் வீக்கமும் முடக்குவாதத்தின் அடையாளமாக இருக்கலாம். சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 30 வயதிலும் வரும்.

முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்க முடியும். கோணிய பிறகு மருந்து அதை நிமிர்த்தாது.

இதற்குப் பெரும்பாலும் முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடை மாத்திரையும் வலிப் பொடியும்

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அழற்சியைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், சிறுநீரகம் கெடலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

ஒரே வாரத்தில் மூட்டு வலியைப் போக்கும் என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளிடமும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிறந்த மருந்துதான். 1948-ல் முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலில் தரப்பட்டபோது, படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அளவு தெரியாமல் நெடுநாள் எடுத்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

உணவு: மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. வறுப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது. கீரை, பயறு, காய்கறி, பழம், நிலக்கடலை ஆகியவை தட்டில் இடம் பெறட்டும். விருந்து பிரியாணி விருந்தோடு நிற்கட்டும். குளிர்பானம், பேக்கரிப் பண்டம், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றைக் குறையுங்கள்.

மஞ்சள்: மஞ்சளில் உள்ள குர்குமின் நல்லதுதான். ஆனால் மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதமே. அதிலும் உடல் ஏற்பது கொஞ்சம். சமையலில் சேருங்கள், மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பாதீர்கள். அதிக அளவு மாத்திரையாக எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

நடை: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடல் உழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் வேக நடை போதும்.

பல்: ஈறு வீங்கி இரத்தம் வருவதும் நாள்பட்ட அழற்சிதான். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றுகிறது, சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. இரவில் பல் துலக்காமல் தூங்கக் கூடாது.

இவற்றோடு ஏழு மணி நேரத் தூக்கமும், புகையை அடியோடு விடுவதும் சேர வேண்டும்.

நோன்பு வைப்பவர்களுக்கு

அழற்சி நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரைப் பாருங்கள். பல மருந்துகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க முடியும். தாமாக நிறுத்துவதும், இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாகப் போடுவதும் தவறு. தண்ணீர் குறைந்த உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்தை மேலும் வருத்தும். நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் குறை ஒன்றும் இல்லை. நோன்பு திறந்ததும் சமோசா, வடை, சர்பத் என்று தட்டை நிரப்பினால் பகலெல்லாம் பசித்திருந்த பயன் உடலுக்குக் கிடைக்காது. பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, பழம் போதும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீக்கம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணம் தெரியாத காய்ச்சல், எடைக் குறைவு, மலத்தில் இரத்தம், கண் சிவந்து வலிப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். வலியை வாய்விட்டுச் சொல்லாத உம்மாக்களும் வாப்பாக்களும் நம் வீடுகளில் நிறையப் பேர். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே கேட்போம், கூடவே மருத்துவமனைக்கும் அழைத்துப் போவோம்.